ராங்கிக்குச் சின்ன ர

முதலில் ஒரு சின்ன விஷயம், சேர். அந்தச் சிலைகளைத் தூக்கும்போது தலையில் பிடிக்க வேண்டாம் என்று உங்கள் பொலிஸ்காரரிடம் சொல்லுங்கள். அடித்தட்டில்தான் பிடிக்க வேண்டும். கழுத்து மெல்லியது. வெடித்தால் ஒட்டினாலும் தெரியும்.

நான் தங்கரத்தினம். இருபத்தேழு வருடம் துறைமுகத்தில் ஆழம் அளக்கிற படகில் வேலை செய்தேன். உட்துறைமுகத்தில் எந்த இடத்தில் எத்தனை பாகம் தண்ணீர் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஒரு பாகம் ஆறடி. ஓய்வு பெற்ற பிறகு சிலை பார்க்கிறேன், கப்டன் ராங்கியின் சிலை. கனடாவுக்குப் போன உப்புவெளிக்காரர் ஒருவர் இங்கிலீஷில் வெளியிட்ட சித்திரக்கதையின் வீரன் அவன். நம்முடைய துறைமுகத்தைக் காக்கிறவன், யாருக்கும் பணியாதவன், அதனால் அந்தப் பெயர். வரைந்தவர் முந்நூறு சிலை வார்ப்பித்தார், பிறகு செத்துப்போனார். அதற்குப் பிறகு போலிகள் வரத் தொடங்கின. எது அசல், எது போலி என்று சேகரிக்கிறவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் சொன்னால் சொன்னதுதான்.

மற்றவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள், நிறையைப் பார்ப்பார்கள். அதையெல்லாம் கள்ளனும் பார்ப்பான். நான் சிலையைக் கவிழ்த்து அடித்தட்டைப் பார்ப்பேன். அங்கே மட்டும்தான் பெயர் தமிழில் இருக்கும். அசலில் ராங்கிக்குச் சின்ன ர. போலியில் பெரிய ற. இதைக் கண்டுபிடித்தவன் நான். பதினொரு வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து எடுப்பித்த என் சொந்தச் சிலையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். பெரிய ற இருந்ததற்காக இதுவரை ஆறு சிலைகளைத் தள்ளியிருக்கிறேன். போலி வெளியில் திரியக் கூடாது, சுத்தியலால் உடையுங்கள் என்றேன். ஆறு பேரும் உடைத்து, படமெடுத்து அனுப்பினார்கள்.

கிண்ணியாவிலிருந்து றுவைஸ் வந்தபோதே எனக்குச் சந்தேகம்தான். முன்பு சங்கு குளித்தவர், இப்போது மீன் வியாபாரம். வாசலில் இரண்டு தரம் கால் துடைத்தார். கதிரையில் இருங்கள் என்று மூன்று தரம் சொன்ன பிறகுதான் இருந்தார். ஒருவர் இவ்வளவு மரியாதை காட்டினால் எதையோ மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். செத்துப்போன தன் அண்ணனுடைய சிலையைப் பழைய சாரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

“இது மௌத்தான எங்கட ஸப்வான் காக்காட சாமான், ஐயா. படம் கீறினவர் இஞ்ச வந்த நேரம் காக்காதான் தோணியில ஏத்தி துறைமுகமெல்லாம் காட்டினவராம். அவரே கையால தந்தவர் எண்டு சொல்லுவார். ஊட்டில ஒருத்தரும் நம்பல்ல. உம்மாவே பொய்க்காரன் எண்டுதான் கூப்பிட்டவ. நீங்க அசல் எண்டு ஒரு சொல் சொன்னா உம்மாட்டப் போய்ச் சொல்லுவன். அவவுக்கு இப்ப எண்பத்திரெண்டு.”

கவிழ்த்தேன். பெரிய ற. வேலைப்பாடு என்னுடையதைவிடத் துப்புரவாக இருந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். போலி சில நேரம் அப்படித்தான், தேவைக்கு மிஞ்சி மினக்கெடும்.

“போலி, தம்பி,” என்றேன். “ஒண்டில் உங்கட காக்காவை ஆரோ ஏமாத்தியிருக்கினம். இல்லாட்டி அவர் உங்களை ஏமாத்தியிருக்கிறார்.”

அவர் சிலையைச் சுற்றாமலே எடுத்துக்கொண்டு எழுந்தார். என் வீட்டுக்கு முன்னால் இருக்கிற பழைய இறங்குதுறையின் நுனிவரை நடந்துபோய்ச் சிலையைக் கடலில் எறிந்தார். ஜன்னலால் பார்த்தேன். மூன்றாவது கம்பத்துக்கு நேரே விழுந்தது. எது விழுந்தாலும் இடத்தைக் குறித்துக்கொள்வது என் தொழில் பழக்கம்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“ஐயா, காக்காட பெட்டிக்குள்ள படம் கீறினவர்ர கடிதம் ஒண்டு கிடந்திச்சு. ‘உனக்கு றாங்கி சிலை ஒன்று’ எண்டு எழுதியிருக்கார். பெரிய ற.” அந்த வரியை மறுபடி வாசித்தார். “என்ட பேருக்கும் பெரிய ற தானே, ஐயா. நம்மட ஆக்கள் ஆரு சின்ன ர போடுற? உங்கட சிலைய ஒருக்காப் பாக்கலாமா?”

பாருங்கள், சேர், எவ்வளவு தந்திரமான கேள்வி. கடிதத்தை யாரும் எழுதலாம். ஆனால் அதைப் படமெடுத்துச் சேகரிப்பாளர்களுக்கு அனுப்பினால் அந்த ஆறு பேரும் என்னைக் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள். பயந்தேன் என்று எழுத வேண்டாம். எரிச்சல் வந்தது என்று எழுதுங்கள்.

“நான் பிழை விட்டிட்டன் போல, தம்பி. உங்கடது அசல்தான்,” என்றேன். சிலை விஷயத்தில் என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். “விழுந்த இடம் எனக்குத் தெரியும். ஏழு பாகம். நீங்கள் குளிச்சு எடுக்கலாம். ஆருக்கும் சொல்லாதேங்கோ, சொன்னா ஊரே வந்து குளிக்கும்.”

அவர் அழுதார். “உம்மாக்கும் இப்ப சொல்லமாட்டன், ஐயா. கையில குடுத்துத்தான் சொல்லுவன்.”

அந்த இடம் ஏழு பாகம் இல்லை. பதினாறு. நானே அளந்தது.

வெள்ளிக்கிழமை காலை வந்தார். அன்றைக்குத் தோணிகள் போகாது, இறங்குதுறையில் ஆள் இல்லை. அவருடைய இடுப்பில் கயிற்றைக் கட்டினேன். கல்லையும் இடுப்பிலேயே சேர்த்துக் கட்டினேன்.

“கல்லக் கையில பிடிக்கிறதுதானே வழக்கம்? கீழ போனதும் விட்டுருவம்,” என்றார்.

“சிலையைப் பிடிக்க ரெண்டு கையும் வேணும், தம்பி. நான் மேல நிண்டு தூக்குவன்.”

நம்பினார். இரண்டு தரம் இழுத்தால் தூக்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம். பிஸ்மி சொல்லிக் குதித்தார். கயிறு ஏழு பாகத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கெட்டிக்காரர், திரும்ப நினைக்கவில்லை.

கயிறு கையில் இருந்தும் ஏன் தூக்கவில்லை என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். இரண்டு இழுவை வந்தது உண்மை. நான் கயிற்றைக் கம்பத்தில் சுற்றிக் கட்டினேன். மறுபடி இரண்டு வந்தது. பிறகு ஒன்று. நான் எதையும் அவசரப்பட்டுப் பார்க்கிறவன் இல்லை. கயிறு அசையாமல் விட்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அறிவித்தேன், கட்டவேண்டாம் என்று சொல்லியும் அவராகக் கல்லைக் கட்டிக்கொண்டு குதித்தார் என்று. இடுப்பில் இருந்தது ஆழம் அளக்கிறவர்கள் போடுகிற முடிச்சு என்பதை நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

சுழியோடிகள் அவரை ஏற்றும்போது சிலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். கழுத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. நல்ல வார்ப்பு என்று அப்போதும் நினைத்தேன்.

அவருடைய உம்மா வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறா என்று தெரியும். அந்தச் சிலை அசல் என்று நீங்கள் அவவிடம் சொல்லப் போகிறீர்களாம். சொல்ல வேண்டாம், சேர். மகனை இழந்த மனுசியிடம் பொய் சொல்வது பாவம்.

எழுதியதை வாசித்துப் பார்த்தேன். றுவைஸைக் கொன்றது நான்தான், அது சரி. பாகக் கணக்குச் சரி. முடிச்சும் சரி. ஒரேயொரு பிழை. எழுதிய பொலிஸ்காரர் இந்த ஊர்க்காரர் போல, ராங்கி வருகிற இடமெல்லாம் கைப்பழக்கத்தில் பெரிய ற போட்டிருக்கிறார். அவ்வளவையும் வெட்டிச் சின்ன ர போடச் சொல்லுங்கள். பிறகு கையெழுத்து வைக்கிறேன்.