சாட்சி ஸ்லைடு

இந்த நாற்காலி ஆடுகிறது, சார். எங்கள் லேபிலும் இப்படி ஒன்று உண்டு. ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்துச் செருகினால் பத்து வருஷம் ஓடும். யாருக்கும் தெரியாது.

நீங்கள் கேட்டதைச் சொல்கிறேன். சுற்றி வளைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் எங்கள் லேபை நடத்துகிற பெரிய டாக்டர் வீட்டு விஷயத்தைத் தொடாமல் இதைச் சொல்ல முடியாது.

உடம்பில் ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் கசியாமல் ஒட்டிவைக்கிற புரதம் ஒன்று இருக்கிறது. வயிற்றில் புற்று வந்தவரின் சதைத் துணுக்கில் அது இருந்தால், ஆன்டிபாடி என்கிற எங்கள் சோதனைத் திரவம் போய் அதைப் பிடித்துக்கொள்ளும். ஸ்லைடில் தேன்கூடு மாதிரி பழுப்புக் கோடு விழும். கோடு விழுந்தவருக்கு ஒரு புது ஊசி போடுவார்கள். விழாதவருக்கு அது கிடையாது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஆன்டிபாடிக் குப்பியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தேன். அடுத்த அறையில் பெரிய டாக்டரின் மனைவி குரலை உயர்த்தினார். சுவருக்கே காது உண்டென்றால் எனக்கு இருக்கக் கூடாதா? குப்பியை வைத்துவிட்டுப் போய் நின்றேன். மைத்துனி விவகாரம், அது தனிக் கதை. கேட்டதை இரண்டு பேரிடம் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லிவிட்டுத் திரும்ப மதியமாகிவிட்டது. குப்பி நின்றிருந்தது, ஸ்லைடு காயவைக்கும் சூடான தட்டின்மேல். சூடு பட்டால் ஆன்டிபாடி செத்துவிடும். போட்டுப் பார்த்தேன். ஒரு கோடும் விழவில்லை.

பழைய குப்பியின் அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும். நோயாளிகளின் ஸ்லைடுகளோடு தினமும் ஒரு கன்ட்ரோல் ஸ்லைடும் போடுவோம், அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கிற சதையில். சாட்சி என்போம். சாட்சி பழுப்பானால்தான் மற்றதைப் பெரிய டாக்டர் நம்புவார். நல்ல மிச்சத்தைச் சாட்சிக்கு மட்டும் விட்டேன், நாளுக்கு ஒரு சொட்டு. நோயாளிகளுக்குச் செத்த குப்பி. சொல்லியிருக்கலாம்தான். எங்கே போயிருந்தாய் என்று கேட்பாரே. பாதிப் பேருக்குமேல் எப்போதுமே கோடு விழாது, அதனால் ஒருவருக்கும் உறுத்தவில்லை.

மூன்றாம் வாரம் வாளியக்காவின் துணுக்கு வந்தது. எங்கள் லேபைத் துடைக்கிறவர். வாளியும் கையுமாக வாசலில் நின்றார்.

"என்ன கண்ணு, என் சில்லு வெந்துடுச்சா?"

"அடுப்புலதான் இருக்குக்கா."

"பழுப்பா வந்தா ஊசி, வராட்டி பயணம். அப்படித்தானே? பாத்து வேக வை. பொண்ணு பரீட்சை முடியுற வரைக்குமாவது நான் இருக்கணும்."

மிச்சம் ஒரே சொட்டு. புதுக் குப்பி மறுநாள்தான் வரும், முடிவோ அன்றைக்கே போயாக வேண்டும். அவருக்கு விட்டால் சாட்சி வெளுக்கும். சாட்சி வெளுத்தால் என் சாயம் வெளுக்கும். சொட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாட்சிக்கே விட்டேன்.

"சாட்சி அருமையா வந்திருக்கும்மா" என்று பெரிய டாக்டர் என்னைப் பாராட்டிவிட்டு, வாளியக்காவின் தாளில் 'இல்லை' என்று எழுதினார்.

புதுக் குப்பி வந்ததும் அவருடைய துணுக்கை இன்னொரு முறை சீவி, யாருக்கும் சொல்லாமல் போட்டுப் பார்த்தேன். தேன்கூடு. பத்தொன்பது வருஷத்தில் அவ்வளவு அழகாக நான் பார்த்ததில்லை. காட்டினால் செத்த குப்பி போட்ட மற்றப் பத்திருபது பேரையும் கேட்பார்கள். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, என் மேஜை இழுப்பறையில் வைத்தேன். நீங்கள் எடுத்தது அதைத்தான்.

வாளியக்கா தினமும் வந்து துடைத்தார். கடைசி மாதம் வாளியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். பரீட்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது போய்விட்டார். சாவு வீட்டுக்கு முதல் ஆளாகப் போனது நான். அந்தப் பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு அழுததும் நான். பெரிய டாக்டர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இரக்கமில்லாத மனுஷன், சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.