ஷைலாவுக்கு வேண்டி ஒரு குரல்

கை கழுவும் மருந்தின் மணம் எங்கே வந்தாலும், களியக்காவிளையில் நான் ஏறிய அந்தப் பேருந்து ஓடிவந்து முன்னால் நிற்கும். நிபா காய்ச்சல் வந்த வருஷம். எல்லைக்கு அந்தப்பக்கப் பல்கலைக்கழகம் விடுதியைப் பூட்டி, வகுப்புகளைப் போனுக்கு மாற்றிவிட்டிருந்தது. முன்னிருக்கையில் பெட்டிகளோடு ஊர் திரும்பும் இரண்டு மாணவிகள்: இனயத்துக்காரி ஜெனி, பேச்சிப்பாறை ஷைலா.

“ஏட்டி, உனக்க குரல எனக்குத் தா,” என்றாள் ஜெனி.

“என்னத்துக்கு?”

“சார் பேரு விளிப்பாரு. சத்தம் மட்டுந்தான் கேக்கும், முகம் தெரியாது. உனக்க வீட்டுல சிக்னலும் கிடையாது, காலம்பற ரப்பர் பால் எடுக்கவும் போவணும். ரெண்டு பேருக்கும் நானே சொல்லிருவேன்.”

“அட்டெண்டன்ஸ் குறைஞ்சா பரீட்சை எழுத விடமாட்டாவ. அப்பா அதோட படிப்ப நிறுத்திருவாரு, கேட்டியா.”

“பின்ன அதுக்குத்தானே சொல்லுகேன். சாயங்காலம் சிக்னல் கிடைக்க அணைக்கு மேல ஏறி நின்னு போன்ல விளி, பாடத்தச் சொல்லித் தாறேன்.”

ஜெனியின் குரல் மீன் ஏலம்போல் ஏறிக்கொண்டே போகும். ஷைலாவின் குரலோ பாதி வழியில் உட்கார்ந்துவிடும். மார்த்தாண்டம் வரைக்கும் தன் குரலையும் அப்படி உட்காரவைக்கத்தான் ஜெனி பழகினாள்.

அங்கே ஷைலா இறங்கினாள். கீழே நின்றபடி, சாரைப் போலவே தன் பெயரைத் தானே விளித்தாள்.

சன்னலிலிருந்து ஜெனி: “பிரசன்ட் சார்.”

“கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இவ்வளவு தைரியமாச் சொல்லமாட்டேன், மக்கா.”