பஸ்ஸுக்குள் சேர்த்த நாலு சேர்வர்

பருத்தித்துறை பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு பெண் பிள்ளைகள். ஜன்னல் பக்கம் இருந்தவளின் மடியில் லப்டொப்.

"எங்கடை இணையத்தளத்துக்கு நாலு சேர்வர் சேர்த்தனான். இப்ப ஒண்டையும் காணேல்லை" என்றாள் அவள்.

நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"நீ எழுதின கட்டளை ஸ்கிரிப்ட் ஓடினதோ?" என்றாள் மற்றவள்.

"ஓடினது. நாலும் வந்ததெண்டு காட்டினது."

"கடைசியிலை சேவ் எண்டு ஒரு வரி போட்டனியோ?"

கோப்பாய் வரும்வரை அவள் திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தாள்.

"போடேல்லை."

"அப்ப அது நாலையும் மறந்திருக்கும். கெதியாப் போட்டு ஓடவிடு. பள்ளிக்கூட மட்ச் முடியப்போகுது. கனடா, லண்டன் எல்லாம் எங்கடை தளத்திலைதான் ஸ்கோர் பாக்குது. இருக்கிற ரெண்டும் தாங்காது."

அவள் அந்த வரியைச் சேர்த்தாள். நீர்வேலி கடந்தது.

"ஒண்டு எழும்பீட்டுது. ரெண்டு. பொறு, நாலும் எழும்பீட்டுது."

எனக்குப் பின்னால், ஸ்கோர் வராமல் சுற்றிக்கொண்டிருந்த போனை வெகுநேரமாகத் தட்டிக்கொண்டிருந்த ஒரு ஐயா, அதைப் பக்கத்தில் இருந்தவருக்குக் காட்டினார்.

"வந்திட்டுது. எங்கடை பள்ளிக்கூடம் வெண்டிட்டுது. மகன் அனுப்பின போன். இதெண்டால் ஒருநாளும் கைவிடாது."

லப்டொப்பை மூடிவிட்டு ஜன்னல் பக்கத்துப் பிள்ளை திரும்பினாள்.

"ஓம் ஐயா. நல்ல போன்."