இறக்கை நுனியில் நாலு ஸ்க்ரூ

– கைய எடுண்ணா. இந்த இறக்கை நுனி மூடியை நான்தான் கழட்டப் போறேன். நீ தொடாதே.

– ஏய், மெதுவா! லாரியில ஏத்தி இறக்கினதுலயே விமானத்தோட ஓரமெல்லாம் பேந்து கிடக்கு. ஏழு வருஷமா தேய்ச்சுத் தேய்ச்சுக் கொண்டுவந்த வழவழப்பு. ஒரே நாள்ல குப்பை வண்டியாட்டம் ஆக்கிக் கொண்டாந்து போட்டிருக்க.

– என்னை ஒண்ணும் கேக்க மாட்டியா?

– உன்னை என்னத்தைக் கேக்க?

– அடி ஏதும் பட்டுச்சான்னு. நேத்து அந்த ரோட்டோரத்துல நின்னு உனக்குப் போன் பண்ணினேன். நீ எடுத்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "சக்கரத்துக்கு என்ன ஆச்சு?" கூடப் பொறந்தவ கடல்ல விழுந்து மீனுக்கு இரையாகியிருப்பா. உனக்கு சக்கரம்!

– இங்க பாரு. நீ பேசின. உயிரோட இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அப்புறம் சக்கரத்தைத்தானே கேக்கணும்?

– சிரிக்க வைக்காதே. இன்னிக்கு நான் சிரிக்க வரல.

– நீ எதுக்கு வந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா? பழியைத் தூக்கி என் தலையில வைக்க வந்திருக்க. பஸ் ஓட்டுற பழக்கம் உனக்கு. எதிர்ல ரோடு இருந்தா போய்க்கிட்டே இருப்ப. ஆகாசத்துல யாரு உனக்கு ரோடு போட்டு வெச்சிருக்காங்க?

– பதினோரு வருஷமா பஸ் ஓட்டுறேன். ஒரு கீறல் கிடையாது. ஒருநாளாவது ஒரு ஸ்டாப்பைத் தவற விட்டிருக்கேனா? நேத்து போக வேண்டிய அணைக்கட்டையே தவற விட்டேன். ஏன்? நீ இறக்கைக்குள்ள வெச்சுக் கொடுத்த இந்தத் திசைப் பெட்டி. தீப்பெட்டி அளவு இருந்துக்கிட்டு என் உயிரை வாங்கப் பார்த்துச்சு.

– பெட்டி மேல தப்பு இல்ல.

– அதையேதான் நானும் சொல்றேன். பெட்டி மேல தப்பு இல்ல. வெச்ச ஆள் மேல.

– அணைக்கட்டு எங்க இருக்கு, கடல் எங்க இருக்கு? எப்படிடி அங்க போன?

– எப்படிப் போனேனா? நேரா கிழக்கே நாற்பது நிமிஷம், அவ்வளவுதானே கணக்கு? எதிர்ல இருந்த திரையில உன் பெட்டி கிழக்குன்னு காட்டுச்சு. நூல் பிடிச்ச மாதிரி அதையே பிடிச்சுக்கிட்டுப் போனேன். சுத்தி ஒரே புகைமூட்டம், மலையும் தெரியல, ரயில் பாதையும் தெரியல. நேரமாச்சேன்னு கீழே இறங்கிப் பார்த்தா தண்ணி. அப்பாடா, அணை வந்துருச்சுன்னு நெனச்சேன். போறேன் போறேன், அக்கரை வரவே இல்ல. அப்புறம் ஒரு கப்பல் தெரிஞ்சுது. அணையில ஏதுண்ணா கப்பல்?

– போன்ல மேப் பார்க்க வேண்டியதுதானே?

– கண்ணாடிக் கூண்டுக்குள்ள வெயில்ல கிடந்து கொதிச்சு அணைஞ்சுபோச்சு. கீழே இறங்கி ஆறின பிறகுதான் அதுக்கு உயிர் வந்துச்சு.

– பழைய காம்பஸ் எதிர்லயே இருந்துச்சே. எண்ணெய்ல மிதக்குதே, அது.

– அது வேற பக்கம் காட்டுச்சு.

– அப்ப அதை நம்பியிருக்கணும்!

– என் அண்ணனை நம்பினேன்! ஒண்ணு பழசு, யாரோ பண்ணினது. இன்னொண்ணு என் அண்ணன் கையால பொருத்தினது. தலைமுடியில பாதி கனம் வித்தியாசம் இருந்தாக்கூட லேத்தை நிறுத்துற மனுஷன் என் அண்ணன். பழசைத் துணி போட்டு மூடிட்டு உன்னுதைப் பார்த்துத்தான் ஓட்டினேன். முட்டாள் நான்.

– …கரைக்கு எப்படித் திரும்பின?

– கப்பல்காரன்கிட்ட வழி கேட்டேன்! எப்படித் திரும்புவேன்? புகைக்குள்ள சூரியன் மங்கலா ஒரு ரூபா வட்டம் தெரிஞ்சுது. சாயங்காலம், அப்போ அது மேற்கு, மேற்குல கரை இருந்தே ஆகணும். அதை மட்டும் பிடிச்சுக்கிட்டு வந்தேன். டேங்க்ல நாலு லிட்டர் மிச்சம். புது ரோடு போட்டுக்கிட்டு இருந்தாங்க, அதுல இறக்கிட்டேன். ரோலர் ஓட்டுற பெரியவர் வண்டியை அப்படியே விட்டுட்டு ஓட்டமா ஓடினாரு. ஆளில்லாம ரோலர் என்னைப் பார்த்து வருது. சக்கரம் பள்ளத்துல விழுந்து கால் வளைஞ்சதுதான் மிச்சம். உனக்கு ரொம்ப அக்கறையான அந்தச் சக்கரம்!

– சரி. போதும், விடு. நடந்தது நடந்துபோச்சு.

– விட முடியாது. மூடி வந்துருச்சு. இதோ பாரு. இது என்ன?

– பெட்டி.

– பெட்டி கோணலா இருக்கு. விமானத்தோட மூக்குக்கு நேரா இருக்கணும்னு நாம எத்தனை நாள் பேசியிருப்போம்? இது வாய் கோணின மாதிரி உக்காந்திருக்கு. ஸ்கேல் வைக்கவே வேண்டாம், இங்க நின்னு பார்த்தாலே தெரியுது.

– லாரி குலுக்கல்ல நகர்ந்திருக்கும்.

– நாலு ஸ்க்ரூவும் இறுக்கமா இருக்கு. எப்படி நகரும்? ஆங், ஸ்க்ரூ. இந்தக் காந்தத்தைப் பாரு. கிட்டக் கொண்டுபோறேன்… டக்! ஒட்டிக்கிச்சு. இது டக். இதுவும் டக். நாலும் இரும்பு!

– இருக்காது.

– கண்ணு முன்னாடி ஒட்டுதுண்ணா! என்ஜின் இரும்பு பக்கத்துல வந்தா திசை பிசகும்னுதானே இறக்கை நுனி வரைக்கும் ஒயர் இழுத்தோம்? விளக்கு ஒயரைக்கூட அந்தப் பக்கமா சுத்தி விட்டோம். அவ்வளவும் பண்ணிட்டு, பெட்டி தலையிலயே நாலு இரும்பை அடிச்சு வெச்சிருக்க. பித்தளை ஸ்க்ரூ தனி டப்பாவுல நான் வாங்கி வெச்சேன்ல?

– ரெண்டு டப்பாவும் பக்கத்துல பக்கத்துலதான் இருந்துச்சு.

– இருந்தா? பித்தளை மஞ்சளா பளபளன்னு இருக்கும், இரும்பு வெள்ளையா இருக்கும். குழந்தைகூடப் பிரிச்சு வெக்கும்.

– கையில தொட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

– தொட்டுப் பார்த்தா எடுப்ப? என்ன பேச்சு இது? நீ என்ன இருட்டுலயா வேலை செஞ்ச?

– கத்தாதே. பக்கத்து ஷெட்டுல வெல்டிங்கை நிறுத்திட்டு வேடிக்கை பாக்குறாங்க.

– பாக்கட்டும்! நோட்டு எங்க? கொடு இங்க. இதோ. "எட்டு திசையிலும் சோதனை முடிந்தது." உன் கையெழுத்து, எழுத்து ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. வடக்கு பூஜ்யம். வடகிழக்கு நாற்பத்தஞ்சு. கிழக்கு தொண்ணூறு. எட்டும் அச்சடிச்ச மாதிரி. ஒரு டிகிரிகூட முன்னப்பின்ன இல்ல. நாலு இரும்பை வெச்சுக்கிட்டு இந்தப் பெட்டி எப்படிண்ணா தொண்ணூறு காட்டும்?

– காட்டுச்சு.

– காட்டல. காலைல லாரியில ஏத்துறதுக்கு முன்னாடி நான் வால் பக்கம் தூக்கித் திருப்பிப் பார்த்தேன். வடக்கே வெச்சா சரியாத்தான் காட்டுது, அதனாலதான் வடக்கு பார்த்த ஓடுதளத்துல எனக்கு சந்தேகமே வரல. கிழக்கே திருப்பினா முப்பது டிகிரி தள்ளிக் காட்டுது. நீ திருப்பிப் பார்க்கவே இல்ல. உக்காந்த இடத்துல பொய்யா எழுதியிருக்க.

– திருப்பினேன். வாட்ச்மேனைக் கேளு. ரெண்டு பேரும் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளினோம். எட்டுத் தடவை.

– திருப்பின, சரி. திரையைப் பார்த்தியா?

– நோட்டைக் கொடு, உள்ள வைக்கணும்.

– உன்னைத்தான் கேக்குறேன். திரையில இருந்த எண்ணைப் பார்த்து எழுதினியா?

– இங்க பாரு, நீ ரொம்பப் பேசுற. நான் இல்லேன்னா இந்த விமானமே கிடையாது. ஒவ்வொரு போல்ட்டும் நான் கடைஞ்சது.

– அதனாலதானே நெஞ்சு எரியுது! வேற எவனாவது பண்ணியிருந்தா சட்டையைப் பிடிச்சிருப்பேன், போயிருப்பேன். நீ எழுதின அந்த எட்டு எண்ணை நம்பி உக்காந்தேன்ண்ணா. பொய் எழுதணும்னு உனக்கு என்ன தலையெழுத்து? முடியலேன்னா என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல? ஒரு நாள் லீவு போட்டிருக்க மாட்டேனா?

– எல்லாத்துக்கும் உன்னையே கூப்பிட முடியுமா?

– ஓ, கௌரவமோ? அப்ப இதையும் கேட்டுடறேன். ஏழு வருஷம் கட்டின, முதல்ல நீ ஏறிப் பறந்திருக்கணும். நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஓட்டக் கத்துக்கிட்டோம். திடீர்னு "நீயே முதல்ல போ"ன்ன. லைசென்ஸ் முடிஞ்சுபோச்சு, டாக்டர்கிட்ட காட்டிப் புதுப்பிக்க நேரமில்லேன்ன. மூணு மாசமாவா ஒரு மனுஷனுக்கு நேரம் கிடைக்காது? எனக்கு இப்பத்தான் புரியுது. உனக்குப் பயம். விழுந்தா அவ விழட்டும்னு என்னை ஏத்தி விட்டுட்ட.

– வாயைக் கழுவு!

– இல்லேன்னா சொல்லு. வேற என்ன காரணம்? சொல்லு!

– அண்ணனைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தை… இதுக்கு அந்த ரோலரே என் மேல ஏறியிருக்கலாம்.

– அழுது காட்டாதே. இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதுதான் ராத்திரி பூரா என்னைத் தூங்க விடல. நேத்து கிளம்பினதும் உனக்காக ஒரு சுத்து திரும்பி வந்தேன். எவ்வளவு தாழ்வா வந்தேன் தெரியுமா, உன் சட்டை முதுகுல இருந்த எண்ணெய்க் கறை எனக்குத் தெரிஞ்சுது. இறக்கையை ஆட்டி ஆட்டிக் காட்டினேன். "அண்ணா, பறக்குது பாரு"ன்னு உள்ள உக்காந்து கத்தினேன். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, ஓடுதளத்து ஓரத்துல இருக்கிற பெரிய தண்ணித் தொட்டியைப் பார்த்துக் கையாட்டிக்கிட்டு நின்ன. ஒரு தடவை திரும்பிப் பார்க்கக்கூட மனசு வரலையா உனக்கு? நான் பறக்கிறது அவ்வளவு வயித்தெரிச்சலா?

– தொட்டிச் சுவத்துல பட்டு சத்தம் அந்தப் பக்கம்தான்மா கேட்டுச்சு… மூணு மாசமா மங்கிப்போன கண்ணுக்கு நீ தெரியல, நீ அங்கதான் இருக்கேன்னு நெனச்சுக் கையாட்டினேன்.