தையல் இருந்த பக்கம்

— ஆணியை அப்பிடி இஸ்துப் புடுங்காதீங்க பாய். லேசா ஆட்டி எடுங்க. நார் பிஞ்சிரும்.

— சரி மாயவா. இன்னும் எத்தினி ஆணி?

— உங்க பக்கம் ஒம்பது, என் பக்கம் ஆறு. அதுக்கென்னங்க, சோத்துக்குப் போனவங்க திரும்பி வர முக்கா மணி நேரம் ஆவும்.

— யாராச்சும் பாத்தா?

— பாத்துட்டுப் போறாங்க. சாப்பாட்டு நேரத்துல பிட்ச்சு மேல விரிச்ச நார் மேட்டைக் கழட்டி மறுபடி இழுத்து அடிக்கறது என் வேலை. இந்தப் பள்ளிக்கூடத்துல அட்டெண்டரா சேந்து பதினோரு வருசமா இதைத்தான் செய்யறேன். நீங்க கூட நிக்கறதுதான் புதுசு. கேட்டா ஒத்தாசைக்கு வந்தேன்னு சொல்லுங்க.

— இங்க வா. இந்தத் தாவுல விரலை வச்சுப் பாரு.

— தெரியுதுங்க. அரை அங்குலம் தூக்கலா இருக்குது.

— முக்கா அங்குலம். தச்சவன் நான், எனக்குத் தெரியாதா? கோணியை ரெண்டா மடிச்சு, ஓரத்தை உள்ள திருப்பி, அதுமேல இன்னொரு மடிப்பு. புளி மூட்டைக்குப் போடற தையல். லாரியில இருந்து தூக்கிப் போட்டாலும் பிரியாது. அந்த நெனப்புலயே தச்சுத் தொலைச்சேன்.

— நீங்க என்ன பண்ணுவீங்க பாய். கோணிக் கடைக்காரரு கோணி தைக்கற மாதிரிதான் தைப்பீங்க.

— இதுமேல பந்து விழும், விழுந்தா எகிறும்னு உனக்குமா தோணல?

— ஓட்டையை அடைக்கணும்னுதான் பாத்தேன். சோத்துத் தட்டு அகலத்துக்கு ஓட்டைங்க. ஸ்டேட் டீம் வர நாலு நாள்தான் இருந்துச்சு. ஏரியூர்ல எந் தங்கச்சி காவேரி பொண்ணுக்குக் கல்யாணம்னு மேட்டை எடுத்துக்கிட்டுப் போயி பந்தியில விரிச்சேன், அடுப்புக் கங்கு விழுந்து எரிஞ்சு போச்சுன்னு வெங்கடாசலம் சார்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்? டிரில் மாஸ்டரு அவரு, அவருக்கு இந்த மேட்டுன்னா சொந்தப் புள்ள கணக்கா. அன்னிக்கே என்னைத் தொரத்தியிருப்பாரு.

— நானும் பெருமையா செஞ்சேனே. நிறம் தெரியக் கூடாதுன்னு டீத்தூள் தண்ணியில வேற முக்கி எடுத்தேன்.

— அது நல்லாத்தான் வந்துச்சு. நானே தேடித்தான் கண்டுபுடிக்கணும்.

— காலையில அந்த ஓபனிங் பேட்ஸ்மேனுக்குத் தோள்ல பட்டுச்சே. சத்தம் கேட்டியா?

— கேட்டேன். அம்மி மேல தேங்கா ஒடச்ச மாதிரி.

— ஜனம் கை தட்டுது. வருசம் பூரா ஒரு மேட்சு தோக்காத ஸ்டேட் டீம்ல மூணு பேரை உம் பையன் அக்பர் அலி ஒத்த ஆளா அவுட்டாக்கிட்டான்னு வந்து என்னைக் கட்டிப் புடிக்கறாங்க. எனக்கு மட்டும் தெரியுது. மூணுல ரெண்டு எம் பையன் எடுத்தது இல்ல. என் ஊசி எடுத்தது.

— மொதோ விக்கெட்டு சுத்தமான விக்கெட்டுங்க. ஸ்டெம்பு பறந்துச்சே.

— சரி, அது ஒண்ணு. அப்பறம் என்ன ஆச்சு அவனுக்கு? கடைசி நாலு ஓவரு தள்ளித் தள்ளிப் போட்டு அடி வாங்கினான்.

— களைச்சிருப்பான். வெயிலு என்ன கொஞ்சமா? அதை வுடுங்க, அந்தத் தலைமாட்டு ஆணியை எடுங்க.

— எனக்கு விக்கெட்டு பத்திக் கவலை இல்ல மாயவா. நான் சொல்றதக் கேளு. சாப்பாடு முடிஞ்சா நம்ம டிஸ்ட்ரிக்ட் பேட்டிங். அக்பரு வழக்கமா கடைசியிலதான் எறங்குவான். இன்னிக்கு அவன் பேட்டிங்கையும் பாக்கணும்னு செலக்டரு கேட்டாராம். மொதல்லயே எறக்கறேன்னு நம்ம கேப்டன் சென்னப்பன் ஒத்துக்கிட்டான்.

— தெரியும். அதுக்குத்தானே இப்ப ஆணி புடுங்கறோம்.

— ஸ்டேட் டீம் பவுலரு அந்த நெட்டையனைக் காலையில பாத்தல்ல? ஆட்டத்துக்கு முன்னால சும்மா கை ஒதற நாலு பந்து போட்டான். ஒண்ணு காம்பவுண்டுக் கல்லுல பட்டுச்சு. நான் போயி பாத்தேன். கல்லு பேந்திருக்குது. கல்லு.

— பாத்தேங்க.

— ஒரு கிலோமீட்டர் தொலவுல இருந்து ஓடி வர்றான். அவன் பந்து இந்த மடிப்புல பட்டு எகிறினா எங்க வரும்? நெத்திக்கு வரும். தலைக்கு என்ன போடறாங்க இவங்க?

— தொப்பி.

— துணித் தொப்பிதானே?

— துணிதாங்க.

— அவன் அம்மா ஹாஜிரா காலையில கேக்கறா. அந்தப் பந்து வலிக்குமான்னு. பஞ்சு பந்துதான், வூட்ல உக்காந்து துவா செய்யின்னு சொல்லிட்டு வந்தேன். 

— சுருட்டலாம் வாங்க. நீங்க அந்த முனை. ஒரே சீரா உருட்டணும், இல்லன்னா கோணும்.

— இரு, இன்னொரு தரம் சொல்லு. எனக்குத் தலை சுத்துது. தப்பாப் போட்டுட்டா என்ன பண்றது.

— மெதுவாச் சொல்றேன் கேளுங்க. இக்கட்ட பள்ளிக்கூடம், அக்கட்ட புளியமரம். ரெண்டு பக்கமும் ஸ்டெம்பு. சரிங்களா? இப்ப தையல் இருக்கறது பள்ளிக்கூடத்து ஸ்டெம்புக்கு முன்னால. அப்ப, புளியமரத்துப் பக்கம் இருந்து ஓடி வந்து போடற பந்துதான் இதுமேல விழும். காலையில அக்பரு அங்க இருந்துதான் போட்டான்.

— நெட்டையனும் அங்க இருந்துதான் போடுவான்.

— அங்க இருந்துதான் போட்டாவணும். அவனுக்கு ஓடி வர எடம் அங்கதான் இருக்குது. பள்ளிக்கூடத்துப் பக்கம் கொடிக்கம்பம் குறுக்க நிக்குது. சரிங்களா? நாம மேட்டை இந்த முனை அங்க, அந்த முனை இங்கன்னு திருப்பிப் போட்டுட்டா, தையல் புளியமரத்து ஸ்டெம்பு முன்னால போயிரும். நெட்டையன் போடற பந்து அதுமேல வுழவே வுழாது.

— பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்து போடறவன் பந்து வுழும்.

— அது யாரு, அந்தக் கண்ணாடி போட்ட ஸ்பின்னரு. உருட்டி வுடற ஆளு. அவன் பந்து எகிறினா இடுப்புக்கு வரும். வந்துட்டுப் போவட்டுமே.

— வந்துட்டுப் போவட்டும். தலை தப்பிச்சாப் போதும். தூக்கு.

— ஒரே தடவையில தூக்காதீங்க, இடுப்பு புடிச்சுக்கும். நான் மூணு சொன்னதும்... அம்மாடி. நார் மேட்டா இது, பொணம் கணக்கா கனக்குது.

— அந்த வார்த்தையை இப்பத்தான் சொல்லணுமா நீ?

— வாயில வந்துருச்சு பாய். மன்னிச்சுக்குங்க. சுத்துங்க. இன்னும். சரி, எறக்கலாம்.

— பந்தல்ல இருந்து யாரோ பாக்கறாங்க.

— அது நம்ம சவுரியப்பன். எலை போடறவன். கை காட்டறான். நீங்களும் காட்டுங்க.

— பேசாம வெங்கடாசலம் சார்கிட்ட சொல்லிட்டா என்ன மாயவா? நான்தான் தச்சேன்னு சொல்லிடறேன். உன்னை இழுக்க மாட்டேன்.

— மேட்டை உங்ககிட்ட யாரு குடுத்தாங்கன்னு கேப்பாரு. அதையும் வுடுங்க. என் வேலை போனா போவுது. அக்பருக்கு என்ன ஆவும்? செலக்டரு என்ன சொல்லியிருக்காரு?

— மெட்ராசு கேம்புக்கு அனுப்புங்கன்னு.

— கேம்புல தேறினா கம்பெனியில வேலை. ஆபீசுல கையெழுத்துப் போட்டுட்டு கிரவுண்டுக்குப் போனாப் போதும், விளையாடறதுக்கே சம்பளம். எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சு ரெண்டு வருசமா உங்க கடையில கோணி அடுக்கிக்கிட்டு இருக்கான். இப்பப் போயி அந்த விக்கெட்டு எல்லாம் ஒட்டுத் தையல்ல வந்ததுன்னு சொன்னா அவனை யாரு பாப்பாங்க?

— அவன்கிட்டயாவது சொல்லியிருக்கணும்.

— சொன்னா பயந்துருவான். பயத்தோட நின்னாத்தான் அடி படும்.

— அதுவும் சரிதான். நீ சொல்றது சரிதான். ஆணி குடு.

— நல்லா இஸ்து அடிங்க. சுருக்கம் இருந்தா அம்பயரு குனிஞ்சு பாப்பாரு. ம். அவ்ளோதான். தையல் இப்ப அக்கட்ட போயிருச்சு, பாத்துக்கிட்டீங்களா? புளியமரத்து ஸ்டெம்பு முன்னால.

— பாத்துக்கிட்டேன். ரெண்டு தரம் பாத்துக்கிட்டேன்.

— மணி அடிச்சுட்டாங்க. வாங்க, பள்ளிக்கூடத்துப் பக்கம் கயித்துக்கு வெளிய போயி உக்காரலாம். மூஞ்சியைத் தொடைங்க, சுண்ணாம்பு ஒட்டியிருக்குது.

— அக்பரு வர்றான். ஒரு கால்லதான் பேடு கட்டியிருக்கான்.

— நம்ம டிஸ்ட்ரிக்ட்டுக்கு மூணு பேடுதான். ரெண்டு பேரு பங்கு போட்டுக்கிட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் வர்றான், பாருங்க.

— என் பக்கம் திரும்பவே இல்லியே. காலையில இருந்து ரெண்டு தரம் திரும்பிப் பாத்தான். இப்ப பாக்கல.

— ஆட்டத்துல நெனப்பு இருக்கும். தண்ணி குடிங்க.

— மாயவா. நெட்டையன் ஏன் இந்தப் பக்கம் நடந்து வர்றான்?

— இங்க ஃபீல்டிங் நிப்பான் போல.

— கையில பந்து இருக்குது.

— வேற ஆளுகிட்ட குடுப்பான். பதறாதீங்க. அதோ வெங்கடாசலம் சாரு வர்றாரு. எந்திரிச்சு நில்லுங்க. மேட்டைப் பத்தி வாயைத் தொறக்காதீங்க.

— அதாவது, ரஷீத் பாய், இங்கயா உக்காந்திருக்கீங்க? பந்தல் பூரா உங்களைத்தான் தேடினேன்.

— ஏன் சார், என்ன ஆச்சு?

— உக்காருங்க. அதாவது, இருபத்திரெண்டு வருச சர்வீஸ்ல உங்க பையன் மாதிரி ஒருத்தனை நான் பாத்ததில்ல. அதைச் சொல்லணும்னுதான் வந்தேன்.

— விக்கெட்டு எடுத்ததையா சார்?

— அது இல்ல. எலை முன்னால உக்காந்தவன் சோத்துல கை வைக்கல. எந்திரிச்சு நேரா ஸ்டேட் கேப்டன்கிட்ட போறான். சார், மேட்ல ஒரு தையல் இருக்கு, அதுல பட்டுத்தான் பந்து எகிறுது, கடைசி ரெண்டு விக்கெட்டும் எனக்குச் சேந்தது இல்லங்கறான். பக்கத்துல செலக்டரு ரசம் குடிச்சுக்கிட்டு இருக்காரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

— அவனுக்கு எப்படி சார் தெரிஞ்சுது?

— மூணாவது ஆள் அவுட்டானதும் கிட்டப் போயி பாத்திருக்கான். பாத்த ஒடனே தெரிஞ்சு போச்சாம். அதுக்கப்பறம் அந்த எடத்துல படாம தள்ளித் தள்ளியே போட்டேன்னான். நான்கூட களைச்சுட்டான்னு நெனச்சேன்.

— யா ரப்பே.

— தச்சது யாருன்னு கேட்டாங்க. தெரியும், ஆனா சொல்ல மாட்டேன்னான். எனக்கும் தெரியும். மாயவா, மூஞ்சியைத் திருப்பாத. உன்கிட்ட சாயந்திரம் பேசிக்கறேன்.

— சார், நான் வந்து...

— சாயந்திரம்னு சொன்னேன். அதாவது பாய், கேப்டன் கோவிச்சுக்கல. அவரு பேட்ஸ்மேனுக்குத் தோள் வீங்கியிருக்கு, அப்பவும் கோவிச்சுக்கல. பையன் முதுகைத் தட்டிக் குடுத்தாரு. செலக்டரும் அப்பிடித்தான். இவன் கேம்புக்குக் கட்டாயம் வரணும்னு பேரை மறுபடி எழுதிக்கிட்டாரு.

— நெசமாவா சார்?

— நெசந்தான். கலெக்டர் வந்திருக்காரு, பஞ்ச நிவாரணத்துக்கு டிக்கெட் வாங்கி ஜனம் உக்காந்திருக்குது, ஆட்டத்தை நிறுத்த முடியாது. அதனால கேப்டனே ஒரு வழி பண்ணினாரு. எங்காளு வேகத்துக்கு அந்த மடிப்புல பந்து பட்டா இந்தப் பையன் தலை தாங்காது, தையல் இருக்கற பக்கம் அவன் ஒரு பந்துகூட போட மாட்டான்னு வாக்குக் குடுத்துட்டாரு.

— எந்தப் பக்கம் சார்?

— அதாவது, புளியமரத்துப் பக்கம் இருந்து போட்டாத்தானே தையல்ல விழும்? அதான் இக்கட்ட, பள்ளிக்கூடத்துப் பக்கம் மாத்திட்டாரு. பாருங்க, கொடிக்கம்பத்துக்கு முன்னால அடி அளந்து நிக்கறான், அக்பரு புளியமரத்து ஸ்டெம்பு முன்னால நிக்கறான். பத்தடி ஓடி வந்தாலும் அவன் வேகம் கொறையாது, ஆனா பயம் இல்ல. அக்பருகிட்டயும் சொல்லித்தான் அனுப்பினாரு. பையனுக்கு என்ன சந்தோசம்னு நெனக்கறீங்க. தொப்பிகூட வேணாம்னுட்டான். இந்தப் பக்கம் பந்து எகிறாது சார், தலையைக் குனிஞ்சு முன்னால வந்து ஆடப்போறேன்னு சொல்லிட்டுப் போறான்.

— மாயவா.

— பாய்.

— ஏன் ரெண்டு பேரும் இப்பிடி முழிக்கறீங்க? அம்பயரு கை எறக்கிட்டாரு, ஆட்டத்தைப் பாருங்க. பாய், எங்க ஓடறீங்க? கயித்தைத் தாண்டக் கூடாது, அவன் ஓடி வந்துட்டான் பாருங்க. மாயவா, அவரைப் புடிடா.

— வுடுங்க சார், ஓடட்டும். மேட்டை நாங்க திருப்பிப் போட்டுட்டோம்.