கொடிக்கு இந்தப் பக்கம்

ஆமாம்மா, நீ கேட்டது சரிதான். அந்தத் தொப்பிக்காரர்கிட்ட உன் அத்தைக்கு ஓட்டுப் போடுங்கன்னுதான் சொன்னேன். கையில இருக்கிறது என் பேர் போட்ட அட்டைதான். டெல்பர்ட் கோவாச், பள்ளி வாரியத்துக்கு. அது நான்தான். காலைல ஆறரை மணியிலேர்ந்து வர்றவங்ககிட்ட எல்லாம் இதையேதான் சொல்றேன், ரோண்டா பீசனுக்குப் போடுங்கன்னு. பாதிப் பேரு நான் ஏதோ தந்திரம் பண்றேன்னு நினைக்கிறாங்க. பழைய ஆளுங்களுக்கு என்மேல அவ்வளவு மரியாதை.

கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நில்லு. அங்க ரெண்டு சின்னக் கொடி நட்டிருக்கு பாரு, அதைத் தாண்டி அட்டையோட கால் வெச்சா உள்ளேர்ந்து தேர்தல் அதிகாரியம்மா ஓடி வரும். ஓட்டு பள்ளிக்கூட ஜிம்முக்குள்ள. நமக்கு நூறடிக்கு இந்தப் பக்கம்தான். காப்பி குடி, ஃபிளாஸ்க்ல இன்னும் இருக்கு. சர்க்கரை கிடையாது.

வாபஸா? வாங்கியிருக்கலாம். நான் ஜூலையிலயே மனு குடுத்துட்டேன். உன் அத்தை கடைசி நாள்ல வந்து குடுத்தாங்க. அன்னிக்கே நான் பின்வாங்கியிருக்கணும். பேப்பர் கூட வாங்கி சட்டைப் பையில வெச்சிருந்தேன். ஆனா எனக்குப் பின்வாங்கிப் பழக்கமில்ல பாரு. கண்ணாடி ஃபேக்டரியில முப்பத்தோரு வருஷம், நாலு வேலைநிறுத்தம், ஒண்ணுலகூட முதல்ல எந்திரிச்சுப் போனவன் நான் இல்ல. யோசிச்சுக்கிட்டே இருந்தேன், தேதி போயிருச்சு. பேரு அச்சாயிருச்சு. இப்ப மூணு பேரு, ஒரு நாற்காலி. என் ஓட்டும் உன் அத்தை ஓட்டும் பிரிஞ்சா கார்டன் ஹோல்ட் நோகாம மறுபடி வந்து உக்காருவான். பதினாறு வருஷமா வாரியத் தலைவனா இருக்கிறவன். அதான் நிக்கிறேன். கால் மரத்துப் போச்சு, பரவால்ல.

பள்ளிக்கூடத்துக்கு என்ன செய்யணும்னா? அதை என்கிட்ட கேக்காத, பொழுது விடிஞ்சிரும். வாரியக் கூட்டத்துல ஊர்க்காரங்களுக்கு ஆளுக்கு மூணு நிமிஷம் தெரியுமில்ல? மூணு நிமிஷம் ஆச்சுன்னா டொய்ங்னு ஒரு மணி. பதினெட்டு வருஷமா மாசாமாசம் நான் மூணு நிமிஷம் பேசியிருக்கேன். என்னைப் பாத்தாலே ஹோல்ட் பேனாவ மூடி வெச்சிருவான். கிழக்குப் பக்கம் ஹீட்டர் ஓடாம பிள்ளைங்க கோட்டு போட்டுக்கிட்டுக் கணக்கு போடுதுங்க. லைப்ரரிக்கு ஆள் இல்ல, பூட்டி வெச்சிருக்கான், உள்ள புஸ்தகம் இருக்கு. ரெண்டு மைலுக்குள்ள வீடுன்னா பஸ் வராது, பனியில நெடுஞ்சாலை ஓரமா நடந்து வரணும். இதெல்லாம் சொன்னேன். நான் ஒம்பதாவதோட நின்னவன்மா, மத்ததெல்லாம் துண்டுப்பிரசுரத்துல படிச்சது. ஆனா கோட்டு போட்டுக்கிட்டுக் கணக்கு வராதுன்னு சொல்ல எவ்வளவு படிக்கணும்?

முதல்ல நர்ஸ். எல்லாத்துக்கும் முதல்ல நர்ஸ். எல்லாப் பள்ளிக்கூடத்துலயும், எல்லா நாளும். அதை உன் அத்தை என்னைவிட நல்லா சொல்றாங்க.

இல்லம்மா, அழாத. துடைச்சுக்கோ. உனக்குத் தெரியாததை நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. டெஸ்ஸா உனக்கு அத்தை மக. ஒம்பது வயசு. ஒரு குளவி கொட்டுச்சு, இந்த மே மாசம், புதன்கிழமை. குளவி விஷம் அவளுக்கு ஆகாது, உடனே ஊசி போட்டாகணும். நர்ஸ் நாலு பள்ளிக்கூடத்துக்கு ஒருத்திதான், இங்க செவ்வாய்க்கிழமை மட்டும். ஊசி மருந்து அலமாரியில இருந்தது, சாவி நர்ஸ் கையில. ஆபீஸ்ல இருக்கிற அந்த டாலன் அம்மா நெருப்பணைக்கிற உருளையத் தூக்கிப் பூட்டை உடைச்சிருக்கா. உடைச்சு எடுத்த ஊசிய எப்படிப் போடுறதுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியல. ஆம்புலன்ஸ் வர இருபது நிமிஷம், அதுக்குள்ள மூச்சு நின்னுருச்சு. எல்லாம் பேப்பர்ல வந்ததுதான்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி பள்ளி வரிக்கு ஓட்டு எடுத்தாங்க பாரு, அதுலதான் எல்லாம் போச்சு. ஹோல்ட் கெட்டிக்காரன். தினமும் நர்ஸ், கிழக்குப் பக்கம் ஹீட்டர், ஃபுட்பால் மைதானத்துக்கு செயற்கைப் புல், மூணையும் ஒரே கேள்வியில கட்டிப்புட்டான். ஆமா, இல்ல, ரெண்டே கட்டம். அப்பதான் அந்த நோட்டீஸ் வந்துச்சு. கீழ பேரு கிடையாது, ஊர் நலம் நாடுவோர்னு மட்டும். ராவோட ராவா எல்லா வீட்டுக் கதவுலயும் செருகியிருந்தான்.

எழுதினது யாருன்னா, வீடு வித்துக் குடுக்கிற அந்த ரான்டல்னு ஊர்ல பேச்சு. அவனுக்கு அப்படி எழுத வராது. அது எழுதத் தெரிஞ்சவன் எழுதினது. அவனுக்குப் புல் மேலதான் கோவம், ஹோல்ட் மேல கோவம். ஆனா புல்லைத் திட்டி எழுதினா ஊரே மூஞ்சியத் திருப்பிக்கும், வெள்ளிக்கிழமை ஆட்டம் இங்க கோயில் மாதிரி. அதனால நர்ஸைப் பிடிச்சான். நர்ஸுக்காக யாரு கோவிச்சுக்கப் போறா? முழங்கால் சிராய்த்தால் ஊதிவிட அம்மா போதாதா, அதற்கு ஒரு நர்ஸா? நோட்டீஸ்ல அந்த ஒரு வரி. முடி வெட்டுற கடையில, சர்ச் வாசல்ல, எல்லா இடத்துலயும் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க. வரி நாப்பத்தோரு ஓட்டுல தோத்துச்சு. நர்ஸ் செவ்வாய்க்கிழமை மட்டும்னு ஆச்சு. அடுத்த கோடையில ரசிகருங்க கூடி காசு போட்டு, புல் வந்துருச்சு. அந்தா பாரு, வேலிக்குப் பின்னால, விளக்கு வெளிச்சத்துல. நவம்பர்லயும் பச்சையாத்தான் இருக்கு.

ஜூன் மாசக் கூட்டத்துக்கு நீ வந்தியா? வரலையா. உன் அத்தை மைக்குக்கு வந்து அந்த நோட்டீஸை எடுத்து விரிச்சாங்க. மூணு வருஷம் எங்க வெச்சிருந்தாங்களோ. மேலேர்ந்து கீழ வரைக்கும் வாசிச்சாங்க, குரல் ஏறல, இறங்கல. ஒரு நிமிஷம்கூட ஆகல. அந்த வரி வந்தப்ப ஒருத்தரும் சிரிக்கல. வாசிச்சு முடிச்சு மடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. மிச்சம் ரெண்டு நிமிஷம் சும்மா நின்னாங்கம்மா. ஹோல்ட் தண்ணி குடிச்சான். மணி அடிச்சுச்சு. நன்றின்னு சொல்லிட்டுப் போய் உக்காந்தாங்க.

அடுத்த பேரு என்னுது. கோவாச்னு கூப்பிட்டாங்க. போனேன். மைக் முன்னாடி நின்னேன். இன்னிக்கு எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லன்னேன். பதினெட்டு வருஷத்துல முதல் தடவை. உடம்பு சரியில்லையா டெல்பர்ட்னு ஹோல்ட் கேட்டான், நிஜமாவே அக்கறையாத்தான் கேட்டான்.

இரு, அந்த நீலக் கார் நம்ம ஃபேக்டரி ஆளு. டேய் ஆர்வின், மூணாவது பேரு, பீசன். என் பேருக்குப் போட்டே, உன் வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன். போ.

சரி, இன்னும் நாலஞ்சு பேரு வந்தா ஏழரை ஆயிரும், ஓட்டு முடிஞ்சிரும். நான் காலைலயே போட்டுட்டேன், உன் அத்தைக்குத்தான். ஜெயிச்சிருவாங்கன்னு நினைக்கிறேன். ஜெயிச்சப்புறம் அந்த நோட்டீஸை எழுதினது யாருன்னு தேடுவாங்க. தேட வேண்டாம்னு சொல்லிரு. அவங்க வீட்டு வாசல் வரைக்கும் மூணு தடவை போயிட்டு கதவைத் தட்டாம திரும்பியிருக்கேன். அதான் உன்கிட்ட சொல்றேன்.

அந்த வரிக்கு எனக்கு நாலு நாள் ஆச்சும்மா. முதல்ல தினமும் நர்ஸ் தேவையில்லைன்னு மட்டும்தான் எழுதியிருந்தேன். வாசிச்சா சிரிப்பு வரல. அப்புறம்தான் அம்மாவைச் சேர்த்தேன்.

அட்டையைக் கெட்டியாப் பிடி, காத்து இழுக்குது.