சர்வருக்கு முந்திய டிக்

எனக்குப் பொதுவாகவே காத்திருக்கப் பிடிக்காது, ஐயா. லிஃப்ட் வரத் தாமதமானால் படியேறிவிடுவேன். அதனால் மருத்துவமனைக்காரர்கள் எங்கள் சாஃப்ட்வேர் அலுவலகத்துக்கு வந்து, "பட்டனை அழுத்தினா பக்கம் முழுசும் வெளுத்துப்போய்த் திரும்ப வருது, எரிச்சலா இருக்கு" என்றபோது அவர்கள் கட்சியில்தான் நின்றேன்.

வார்டிலிருந்து ரத்த வங்கிக்கு ரத்தம் கேட்கும் பக்கம் அது. நர்ஸ் விவரத்தை நிரப்பி அழுத்துவார். சர்வர் அதைப் பதிந்து, பக்கத்தை மறுபடி உருவாக்கி, ஓர் எண்ணோடு திருப்பி அனுப்பும். அந்த எண்ணை நர்ஸுகள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். கையில் எண் இருந்தால் ரத்தம் வந்த மாதிரி. பத்து வருடமாக அப்படித்தான் ஓடியது.

"சின்னதா ஒரு ஸ்கிரிப்ட் போதும்ப்பா" என்றாள் என் எதிர்சீட்டுக்காரி. "சர்வர் என்ன பதில் தருதோ, அதை அந்தக் கட்டத்துல மட்டும் மாத்திக் காட்டும். ஜன்னல் திறக்கலைன்னு வீட்டையே இடிப்பியா?"

அவள் சொன்னது சரி. எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் இரண்டு வாரம் முன்பு வேறொரு கம்பெனி இன்டர்வியூவில், வலைப்பக்கம் முழுவதையும் கட்டுவதற்கான பெரிய ஃபிரேம்வொர்க் ஒன்றைச் சொல்லி, அதில் வேலை பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டிருந்தார்கள். நானும் தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். ஆட்டிய தலைக்கு ஒரு வேலையைக் காட்ட வேண்டாமா? கூட்டத்தில் 'எதிர்காலம்' என்ற சொல்லை ஏழெட்டு முறை சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். முழுப் பக்கத்தையும் அந்த ஃபிரேம்வொர்க்கில் புதிதாக எழுதினேன்.

வார்டுக் கணினி கிழடு. என் பக்கம் அதில் மூச்சு வாங்கியது; பழையதைவிட மெதுவாக இருந்தது. தலைமை மருத்துவர் பார்க்க வரும் நாள் நெருங்கியது. மானம் போய்விடுமே என்று நிரலில் ஒரே ஒரு வரியை இடம் மாற்றினேன். சர்வரின் பதிலுக்குக் காத்திராமல், அழுத்தியவுடனே பச்சை டிக் வந்துவிடும். எண் பிறகு ஆடி அசைந்து வந்தால் குட்டு உடைந்துவிடும் என்பதால் எண்ணையே எடுத்துவிட்டேன். மருத்துவர் "அடேயப்பா!" என்றார். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தேன்.

பிரசவ வார்டின் மூத்த நர்ஸ் மட்டும் கேட்டார்: "நம்பர் வரலையே தம்பி, கையில எதை எழுதுறது?"

"டிக் வந்தா போதும்க்கா. இனிமே கையை அழுக்காக்க வேண்டாம்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில், வார்டில் நெட் சற்று நேரம் அறுந்துபோயிற்று. பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கோரிக்கை ரத்த வங்கிக்குப் போய்ச் சேரவே இல்லை. ரத்தம் வந்துவிடும் என்று இருபத்தைந்து நிமிடம் எல்லோரும் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். அந்தப் பெண் இறந்துவிட்டாள். குழந்தை நலம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதில் எனக்கு ஒரு நிம்மதி.

விசாரணையில் அந்த நர்ஸ், "பச்சை டிக் வந்துச்சு, என் கண்ணால பாத்தேன்" என்றார். குழுவில் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"சர்வர் பதியாம டிக் வர வாய்ப்பே இல்லைங்க" என்றேன்.

அதற்குள் அந்த வரியைச் சரியான இடத்தில் வைத்துவிட்டிருந்தேன். அவர்கள் முன்னால் சோதித்தபோது பக்கம் யோக்கியமாக நடந்துகொண்டது. வீட்டுக்குப் போனேன், சாப்பாட்டுத் தட்டை அப்படியே மூடி வைத்தேன். இன்றுவரை சரியாகச் சாப்பிடவில்லை. குற்ற உணர்ச்சி என்று நான் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும், ஆனால் அதுதான்.

போன வாரம் அந்த அக்கா போன் செய்தார். அவருக்கு வேலை போய்விட்டது. "நீங்க ஒருத்தர்தான் தம்பி என்னைத் திட்டல. யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். பதட்டத்துல நான் அழுத்தவே இல்லை போலிருக்கு. டிக் வந்ததா நானே நினைச்சுக்கிட்டேன். அந்தப் பொண்ணை நானே கொன்னுட்டேனே" என்று அழுதார்.

"மனசைத் தேத்திக்குங்கக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல? அதற்குப் பிறகு தாங்க முடியாமல்தான் இங்கே வந்தேன்.

அவர் அழுத்தியிருந்தார், ஐயா. காலை பத்து நாற்பத்தொன்றுக்கு. அந்த வார்டுக் கணினியிலேயே அது பதிவாகியிருந்தது. விசாரணைக்கு முன்னால் இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அழித்தேன்.